மருந்து கொடுத்தும் ஆடு தேறவில்லையா? குடற்புழுக்களின் மருந்து எதிர்ப்பு: ஆடு வளர்ப்போர் தெரிந்துகொள்ள வேண்டியவை

"போன மாசம்தான் பூச்சி மருந்து ஊத்துனோம். இந்த மாசமும் ஊத்தியாச்சு. ஆனாலும் ஆடு இளைச்சுக்கிட்டே போகுது." கால்நடை மருந்தகங்களில் மழைக்காலம் வந்துவிட்டால் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. மருந்து போலியா? அளவு தப்பா? இல்லை, ஆட்டுக்கு வேறு நோயா? இந்த மூன்றுமே இருக்கலாம். ஆனால் பலரும் யோசிக்காத நான்காவது காரணம் ஒன்று உண்டு. ஆட்டின் வயிற்றில் இருக்கும் புழுக்கள் அந்த மருந்துக்குச் சாகாத புழுக்களாக மாறியிருக்கலாம். இதைத்தான் மருந்து எதிர்ப்பு என்கிறோம்.

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான் தொழிற்பேட்டையும், விருத்தகிரீஸ்வரர் கோயிலும், முந்திரித் தோப்புகளும் நினைவுக்கு வரும். ஊரையும் சுற்றுக் கிராமங்களையும் அறிந்தவர்களுக்கு வீட்டு வாசலில் கட்டியிருக்கும் ரெண்டு, மூணு வெள்ளாடுகளும் நினைவுக்கு வரும். பள்ளிக்கூடக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு, கோயில் திருவிழா என்று திடீர்ப் பணத் தேவை வந்தால் கை கொடுப்பது அந்த ஆடுதான். தலச்சேரி, ஜமுனாபாரி கலப்பு ஆடுகளை வைத்திருப்பவர்களுக்கு வீட்டுக் குழந்தைகளுக்கான பாலும் கிடைக்கிறது. நான்கு ஆடு வைத்திருக்கும் வீட்டில் ஒரு ஆடு செத்தால் சேமிப்பில் கால் பங்கு போய்விட்டது என்று அர்த்தம். அதனால் இது விஞ்ஞானிகள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை.

இந்த மாத இதழில், மருந்து எதிர்ப்பு எப்படி உருவாகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த அரசு அலுவலகத்தில் எதைக் கேட்டுப் பெறுவது என்று பார்ப்போம்.

எந்தப் புழு ஆளைக் கொல்கிறது?

ஆட்டின் வயிற்றில் பல வகைப் புழுக்கள் வாழும். பொதுவாக இவற்றை உருண்டைப் புழு, நாடாப்புழு, தட்டைப்புழு என்று மூன்றாகப் பிரிப்பார்கள். புழுக்கையோடு வெள்ளைத் துண்டு துண்டாக வெளியே வருவது நாடாப்புழு. அது கண்ணில் படுவதால் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம். ஆனால் வளர்ந்த ஆட்டை உண்மையில் வீழ்த்துவது கண்ணில் படாத ஒரு உருண்டைப் புழு. அதன் அறிவியல் பெயர் ஹீமாங்கஸ் கன்டார்ட்டஸ். ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சி வாழ்கிறது.

இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். ஒரு புழு ஒரு நாளைக்கு சுமார் 0.05 மில்லி ரத்தத்தை வீணாக்குகிறது. கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் 1,000 புழு இருந்தால் ஒரு நாளைக்கு 50 மில்லி. 20 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தம் இருப்பதே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம்தான். சில வாரங்களில் ஆடு வெளுத்துவிடுவதில் ஆச்சரியம் இல்லை.

இந்தப் புழு தாக்கினால் எப்போதும் கழிச்சல் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். புழுக்கை நன்றாகவே இருக்கலாம். கண் இமையின் உள்பக்கமும் ஈறும் வெளுக்கும். தாடைக்கு அடியில் நீர் கோத்துப் பை போலத் தொங்கும். மந்தையோடு நடக்க முடியாமல் பின்தங்கும். பால் குறையும். குட்டி தேறாது. கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் காலையில் கொட்டிலில் செத்துக் கிடக்கும்.

ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு 5,000 முட்டைகளுக்கு மேல் இடும். அந்த முட்டைகள் புழுக்கையோடு தரைக்கு வருகின்றன. சூடும் ஈரமும் இருந்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் நோய் பரப்பும் இளம் புழுவாக மாறி, பனியும் ஈரமும் படிந்த புல்லில் ஏறி நிற்கும். ஆடு புல்லோடு அதையும் மேய்ந்துவிடும். சுமார் மூன்று வாரத்தில் அது வளர்ந்து தானும் முட்டை இட ஆரம்பித்துவிடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் அதற்கடுத்த பனிக்காலத்திலும் நம் பகுதியில் புழுத் தொல்லை கூடுவதற்கு இதுதான் காரணம்.

மருந்துக்குச் சாகாத புழு எங்கிருந்து வருகிறது?

மருந்து கொடுத்துப் பழகியதால் புழுவின் உடம்பு மரத்துப்போய்விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தனிப்பட்ட ஒரு புழு மருந்துக்குப் பழகுவது கிடையாது.

ஒரு ஆட்டில் 1,000 புழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் நான்கைந்து புழுக்கள் பிறவியிலேயே சற்று வேறுபட்ட மரபணுவோடு இருக்கும். மருந்து கொடுத்ததும் மற்றவை செத்துவிடும். இந்த நான்கைந்து மட்டும் பிழைக்கும். ஆடு தேறிவிட்டது போலத் தெரியும். ஆனால் அடுத்த மூன்று வாரத்துக்கு அந்த ஆடு தரையில் போடும் முட்டைகள் எல்லாமே பிழைத்த புழுக்களின் பிள்ளைகள். திரும்பத் திரும்ப அதே மருந்தைக் கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் சாகக்கூடிய புழுக்களை நாமே அழித்து, சாகாத புழுக்களுக்கு இடம் காலி செய்து கொடுக்கிறோம். சில ஆண்டுகளில் மேய்ச்சல் தரை முழுக்க அந்த வம்சம்தான் இருக்கும். அதற்குப் பிறகு மருந்து ஊற்றுவதும் தண்ணீர் ஊற்றுவதும் ஒன்றுதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்தக் குணம் பரம்பரையாக இறங்குவது. ஒருமுறை மந்தையில் வேரூன்றிவிட்டால் அந்த மருந்தைச் சில ஆண்டுகள் நிறுத்தி வைத்தாலும் பழைய பலன் முழுதாகத் திரும்புவது அரிது.

உலகம் பார்த்த பாடம்

தயாபெண்டசோல் என்ற குடற்புழு மருந்து 1961-ல் சந்தைக்கு வந்தது. அன்றைக்கு அது பெரிய சாதனை. மூன்றே ஆண்டில், 1964-ல், அமெரிக்காவில் செம்மறி ஆட்டுப் புழுக்கள் அதற்குச் சாகவில்லை என்ற ஆய்வுகள் வெளிவந்தன. இந்தியாவிலும் இது புதிய செய்தி இல்லை. செம்மறி ஆடுகளின் ஹீமாங்கஸ் புழுக்கள் தயாபெண்டசோல் உள்ளிட்ட மருந்துகளுக்குக் கட்டுப்படவில்லை என்று 1976-லேயே நம் நாட்டு ஆய்விதழில் பதிவாகியிருக்கிறது.

1980-களில் ஐவர்மெக்டின் வந்தது. அதைக் கண்டுபிடித்த பணிக்காக வில்லியம் கேம்பல், சதோஷி ஓமுரா இருவருக்கும் 2015-ல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்படிப்பட்ட மருந்துக்கே சாகாத ஆட்டுப் புழுக்கள் அந்த 1980-களிலேயே தென்னாப்பிரிக்காவில் தென்பட்டன. 2009-ல் மோனிபாண்டெல் என்ற புத்தம் புதிய மருந்து நியூசிலாந்தில் அறிமுகமானது. அந்த நாட்டிலேயே ஒரு பண்ணையின் ஆடுகளில் அந்த மருந்தும் தோற்றதாக 2013-ல் ஆய்வு வெளியானது.

நம் பக்கத்திலும் நிலைமை இப்படித்தான். தென்னிந்தியச் செம்மறி ஆடுகளின் குடற்புழுக்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளுக்கு எதிர்ப்பு இருப்பதைத் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் பதிவு செய்து, 2009-ல் வெளியிட்டார்கள். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் வருவது பெரும்பாலும் ஒரே புழுதான். ரெண்டும் ஒரே தரையில் மேய்ந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாராளமாகப் போய் வரும்.

புது மருந்து வரும், அதை வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருக்க முடியாது என்பதுதான் இதிலிருந்து தெரிவது. கையில் இருக்கிற சில மருந்துகளைக் கெடுக்காமல் வைத்துக்கொள்வதே நமக்கு இருக்கும் வழி.

நாம் எங்கே தவறுகிறோம்?

1. கண்ணளவில் எடை போடுவது. 25 கிலோ ஆட்டை 15 கிலோ என்று மதிப்பிட்டு மருந்து ஊற்றினால் கிடைக்க வேண்டியதில் பாதியைத் தாண்டிக் கொஞ்சம்தான் கிடைக்கும். அரைகுறை அளவு மருந்து பலவீனமான புழுக்களை மட்டும் கொன்று, பாதி எதிர்ப்பு உள்ள புழுக்களையும் பிழைக்க விடும்.

2. செம்மறி அளவை வெள்ளாட்டுக்குக் கொடுப்பது. வெள்ளாட்டின் உடம்பு பல குடற்புழு மருந்துகளைச் செம்மறியை விட வேகமாக வெளியேற்றிவிடும். அதனால் சில மருந்துகளுக்கு வெள்ளாட்டுக்கான அளவு அதிகம். அதே நேரத்தில் லெவாமிசோல் போன்ற மருந்துகள் அளவு மீறினால் விஷமாகிவிடும். "கொஞ்சம் சேர்த்து ஊத்துவோம்" என்று நாமே முடிவு செய்யக் கூடாது. கால்நடை மருத்துவர் எழுதித் தரும் அளவே சரி.

3. பெயரை மாற்றுவதை மருந்தை மாற்றுவதாக நினைப்பது. இது மிக முக்கியம். கடையில் பல கம்பெனிப் பெயர்கள் இருந்தாலும், உருண்டைப் புழுவுக்கு நம் பகுதியில் அதிகம் கிடைக்கும் மருந்துகள் சில குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் இரண்டும் ஒரே குடும்பம். லெவாமிசோல் வேறு குடும்பம். ஐவர்மெக்டின் இன்னொரு குடும்பம். ரத்தம் உறிஞ்சும் புழுவுக்குக் கொடுக்கும் குளோசாண்டல் மற்றொன்று. போன தடவை அல்பெண்டசோல், இந்தத் தடவை ஃபென்பெண்டசோல் என்று கொடுத்தால் மருந்தை மாற்றியதாக ஆகாது. ஒன்றுக்குச் சாகாத புழு மற்றதற்கும் சாகாது. பாட்டிலின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, குறித்து வையுங்கள்.

4. மாதம் தவறாமல் எல்லா ஆட்டுக்கும் ஊற்றுவது. நல்ல எண்ணத்தில் செய்கிற இந்த வேலைதான் எதிர்ப்பை வேகமாக வளர்க்கிறது. ஏன் என்று அடுத்த பகுதியில் பார்ப்போம்.

5. சோதனை செய்யாமலே கடையில் கேட்டு வாங்குவது. தாடை வீக்கம் என்றாலே இந்தப் புழுதான் என்று சொல்லிவிட முடியாது. ஏரி, குளம், பள்ளமான ஈர நிலங்களில் நத்தைகள் மூலம் பரவும் ஈரல் புழுவாலும் தாடை வீங்கும். அதற்கு மருந்தும் அளவும் வேறு. குட்டிகளுக்கு வரும் ரத்தக் கழிச்சலுக்குப் பெரும்பாலும் காக்சிடியா என்ற நுண்கிருமி காரணமாக இருக்கும். குடற்புழு மருந்து அதை ஒன்றும் செய்யாது.

எல்லாப் புழுவையும் ஏன் ஒரே நாளில் அழிக்கக் கூடாது?

கேட்டால் விநோதமாகத் தோன்றும். புழுவை ஒழிப்பதுதானே நோக்கம்? ஆனால் ஆய்வாளர்கள் சொல்வது வேறு. மந்தையில் கொஞ்சம் புழுக்களை மருந்து படாமல் விட்டு வைப்பது நல்லது.

காரணம் இதுதான். மருந்து படாத ஆடுகளின் வயிற்றிலும், தரையிலும் இருக்கும் புழுக்கள் பெரும்பாலும் மருந்துக்குச் சாகக்கூடியவை. இவை, மருந்துக்குத் தப்பிய புழுக்களோடு இணை சேர்ந்து, அந்த எதிர்ப்புக் குணத்தைக் கலைத்து நீர்த்துப்போகச் செய்கின்றன. பாலில் தண்ணீர் கலந்தால் பால் நீர்த்துப் போவது போல. எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்துவிட்டால் கலக்க ஆளே இருக்காது. மிஞ்சுவது தப்பிய வம்சம் மட்டும்.

கோடையில் இது இன்னும் ஆபத்து. சித்திரை, வைகாசியில் தரை காய்ந்து கிடக்கும்போது வெளியே உயிரோடு இருக்கும் இளம் புழுக்கள் மிகக் குறைவு. அந்த நேரத்தில் மந்தை முழுக்க மருந்து கொடுத்தால் அடுத்த மழைக்கு விதையாக இருப்பவை எல்லாம் மருந்துக்குத் தப்பிய புழுக்களே. அதேபோல, மருந்து கொடுத்த அன்றே மந்தையைப் புதுத் தரைக்கு ஓட்டிக்கொண்டு போவதும் முன்பு நல்ல வழக்கமாகச் சொல்லப்பட்டது. இப்போது அது எதிர்ப்புப் புழுக்களைப் புதுத் தரையில் விதைக்கும் வேலை என்று தெரிய வந்திருக்கிறது.

இன்னொரு உண்மை நமக்குச் சாதகமானது. ஒரு மந்தையில் உள்ள புழுக்களில் பெரும்பகுதி சில ஆடுகளில்தான் இருக்கும். சுமார் 20 முதல் 30 சதவீத ஆடுகளில் 80 சதவீதப் புழுக்கள் இருக்கும் என்பது பல நாடுகளில் பார்க்கப்பட்ட கணக்கு. அந்தச் சில ஆடுகளை அடையாளம் கண்டு அவற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் ஆடும் பிழைக்கும், மருந்தும் பிழைக்கும், செலவும் குறையும்.

"அப்போ அரசு முகாம்ல மருந்து கொடுத்தா வாங்கக் கூடாதா?" என்று கேட்காதீர்கள். தாராளமாக வாங்கலாம். முகாமுக்குக் கட்டாயம் ஆட்டை அழைத்துப் போங்கள். முகாமில் இருக்கும் மருத்துவர் பருவத்தையும் ஆட்டின் நிலையையும் பார்த்து முடிவு செய்வார். போன தடவை எப்போது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை அவரிடம் சொல்லுங்கள். நிறுத்த வேண்டியது, இரண்டு முகாம்களுக்கு இடையில் நாமே கடையில் வாங்கி ஊற்றும் பழக்கத்தைத்தான்.

கண்ணைப் பார்த்தால் தெரியும்

எந்த ஆட்டுக்கு மருந்து தேவை என்று கண்டுபிடிக்க தென்னாப்பிரிக்காவில் ஒரு எளிய முறையை உருவாக்கினார்கள். ஃபமாச்சா அட்டை என்று பெயர். ஃபாஃபா மலான் என்ற கால்நடை மருத்துவரின் பெயரையும், அட்டை என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து வைத்த பெயர் இது. ஆட்டின் கீழ் இமையை இறக்கி, உள்பக்க நிறத்தை அட்டையில் உள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும்.

நல்ல சிவப்பு என்றால் 1. சிவப்பு கலந்த இளஞ்சிவப்பு 2. இந்த இரண்டு நிலையிலும் மருந்து தேவையில்லை. இளஞ்சிவப்பு 3, இது எல்லைக்கோடு. குட்டி, சினை ஆடு, பால் கறக்கும் ஆடு, இளைத்த ஆடு என்றால் இந்த நிலையிலேயே மருத்துவரைக் கேட்க வேண்டும். வெளிறிய நிறம் 4. பீங்கான் மாதிரி வெளுத்திருந்தால் 5. இந்த இரண்டு நிலைக்கும் உடனே சிகிச்சை தேவை.

நிழலிலோ, விளக்கு வெளிச்சத்திலோ பார்க்காமல் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்ப்பது நல்லது. கண்ணில் தூசி, புண் இருந்தால் வெளுத்த கண்ணும் சிவப்பாகத் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். இந்த முறை ரத்தம் உறிஞ்சும் புழுவுக்கு மட்டுமே பொருந்தும். ரத்தசோகைக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். எனவே முதல் தடவை கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பழகிக்கொள்வது அவசியம்.

எடையை எப்படிக் கணக்கிடுவது?

தராசு இல்லாத வீட்டிலும் தையல் டேப் இருக்கும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். தோள் முனையிலிருந்து பின்பக்க இடுப்பெலும்பு முனை வரை நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, சுற்றளவு 26 அங்குலம், நீளம் 24 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 26 × 26 = 676. அதை 24-ஆல் பெருக்கினால் 16,224. அதை 660-ஆல் வகுத்தால் 24.6. அதாவது ஏறக்குறைய 25 கிலோ ஆடு.

மருத்துவர் ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் என்று எழுதி, பாட்டிலில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்றால், இந்த ஆட்டுக்கு 10 மில்லி தேவை. ஆட்டை 15 கிலோ என்று நினைத்திருந்தால் 6 மில்லிதான் கொடுத்திருப்போம். வித்தியாசம் புரிகிறது அல்லவா? சினை ஆடாக இருந்தால் வயிற்றின் பெருக்கத்தால் கணக்கு மாறும். அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மருந்து வேலை செய்ததா? சோதிக்க ஒரு வழி

சந்தேகத்தைத் தீர்க்கும் சோதனை சிக்கலானது இல்லை. மருந்து கொடுக்கும் நாளில் ஆட்டின் புழுக்கையை எடுத்து, ஒரு கிராமில் எத்தனை புழு முட்டைகள் இருக்கின்றன என்று நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். 10 முதல் 14 நாள் கழித்து அதே ஆட்டின் புழுக்கையைத் திரும்ப எண்ணுவார்கள். முட்டை எண்ணிக்கை 95 சதவீதமாவது குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது. அதற்குக் கீழே என்றால் எதிர்ப்பு இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். முதலில் 1,200 முட்டை, பிறகு 600 என்றால் குறைந்தது பாதிதான். அந்த மருந்து அந்த மந்தைக்கு இனி உதவாது. ஒரே ஆட்டின் கணக்கை வைத்து முடிவுக்கு வராமல் பல ஆடுகளில் பார்த்து மருத்துவர் முடிவு சொல்வார்.

மாதிரி கொண்டுபோகும்போது கவனிக்க வேண்டியவை:

அ. தரையில் கிடக்கும் பழைய புழுக்கையை அள்ள வேண்டாம். காலையில் ஆடு போட்ட உடனே பத்துப் பதினைந்து உருண்டைகளை எடுங்கள்.

ஆ. சுத்தமான சின்ன டப்பாவிலோ, பிளாஸ்டிக் கவரிலோ காற்று அதிகம் இல்லாமல் கட்டி வையுங்கள். ஒவ்வொரு ஆட்டுக்கும் தனிக் கவர். மேலே ஆட்டின் அடையாளம், தேதி.

இ. வெயிலில் வைக்காமல் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். சூட்டில் முட்டை பொரிந்துவிட்டால் கணக்கு தப்பிவிடும்.

ஈ. "புழு இருக்கா, இல்லையா" என்று மட்டும் கேட்காமல், "முட்டை எண்ணிக்கை எவ்வளவு" என்று கேளுங்கள். எண் இருந்தால்தான் இரண்டாவது சோதனையோடு ஒப்பிட முடியும்.

மேய்ச்சலில் செய்யக்கூடியவை

வெள்ளாடு இயல்பாகவே தலையைத் தூக்கித் தழை மேயும் பிராணி. இளம் புழுக்கள் பெரும்பாலும் தரையை ஒட்டிய சில அங்குலப் புல்லில்தான் இருக்கும். அகத்தி, சவுண்டல், வேம்பு, வேலித் தழைகள் என்று உயரத்தில் மேயும் ஆட்டுக்குப் புழு ஏறுவது குறைவு. பட்டறைக்கும் கூலிக்கும் வேலைக்குப் போகும் வீடுகளில் மேய்க்க ஆள் இல்லாமல் ஒரே காலி மனையில் நாள் முழுக்கக் கயிற்றில் கட்டிவிடுவதுண்டு. அப்படிக் கட்டினால் ஆடு தன் புழுக்கை விழுந்த இடத்திலேயே, மொட்டையாக மேய்ந்த புல்லைத் திரும்பத் திரும்பக் கடிக்கிறது. முளையையாவது சில நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். தழையை ஒடித்துத் தரையில் போடாமல் உயரத்தில் கட்டித் தொங்க விடுங்கள்.

பனி இறங்கும் முன் அதிகாலையில் மேய்ச்சலுக்கு விட வேண்டாம்; வெயில் ஏறிப் புல் காய்ந்த பிறகு விடுங்கள். கொட்டிலில் புழுக்கையைத் தினமும் பெருக்கிக் குப்பைக் குழியில் மக்க விடுங்கள். முடிந்தவர்கள் பரண் அமைக்கலாம். புழுக்கை கீழே விழுந்துவிடுவதால் ஆடு அதோடு தொடர்பில்லாமல் இருக்கும். குட்டிகளையும் பெரிய ஆடுகளையும் முடிந்தவரை தனித்தனியாக மேய விடுங்கள்.

சந்தையில் வாங்கும் ஆடு இன்னொரு வாசல். வேப்பூர் ஆட்டுச் சந்தை போன்ற இடங்களுக்குப் பல ஊர் ஆடுகள் வருகின்றன. எந்த மந்தையில் என்ன மருந்து தோற்றது என்று யாருக்கும் தெரியாது. புதிதாக வாங்கிய ஆட்டை நேராக மந்தையில் சேர்க்காமல் இரண்டு வாரமாவது தனியே கட்டி, புழுக்கையைச் சோதித்து, மருத்துவர் சொன்ன மருந்து கொடுத்து, அது வேலை செய்ததா என்று பார்த்த பிறகு சேருங்கள்.

பால் குடிப்பவர்களும் சினை ஆடு வைத்திருப்பவர்களும் கவனிக்க

மருந்தின் ஒரு பகுதி பாலிலும் வரும். ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனை நாள் பாலைத் தவிர்க்க வேண்டும் என்பது மாறும். மருந்து வாங்கும்போதே "இந்த ஆட்டுப் பாலைப் பிள்ளைங்க குடிக்குது" என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஆட்டைக் கறிக்கு விற்கப் போவதாக இருந்தாலும் அதேபோல் கேட்க வேண்டும்.

சினையான முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுத்தால் கருவுக்குக் கெடுதல். கிடாயோடு சேர்த்த தேதியை எழுதி வைத்திருந்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் குழந்தைகளுக்குத் தரப்படுவதும் அல்பெண்டசோல் மாத்திரைதான். அதைக் குழந்தைகள் தவறாமல் சாப்பிட வேண்டும். ஆட்டுப் புழுவின் பிரச்சினையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த மாத்திரையை ஆட்டுக்குப் பொடித்துக் கொடுக்கவும் வேண்டாம்.

எங்கே போவது? யாரைக் கேட்பது?

• சிகிச்சைக்கும் ஆலோசனைக்கும்: உங்கள் பகுதி அரசு கால்நடை மருந்தகம் அல்லது கால்நடை மருத்துவமனை. புழுக்கை மாதிரியையும் முதலில் இங்கேதான் கொடுக்க வேண்டும்.

• கூடுதல் சோதனை தேவைப்பட்டால்: கால்நடை பராமரிப்புத் துறையின் நோய் புலனாய்வுப் பிரிவு. மருந்தக மருத்துவர் மூலம் மாதிரியை அனுப்பலாம்.

• அவசரத்துக்கு: ஆடு எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

• வளர்ப்புப் பயிற்சிக்கு: கடலூரில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம், விருத்தாசலத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம். கண் இமை பார்க்கும் முறையைச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

• முகாம் விவரத்துக்கு: உங்கள் ஊராட்சியில் கால்நடை சுகாதார முகாம் நடக்கும் தேதியை மருந்தகத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

போகும்போது கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். அதில் ஆட்டின் அடையாளம், எடை, மருந்து கொடுத்த தேதி, மருந்தின் பெயர், கொடுத்த அளவு, முட்டை எண்ணிக்கை ஆகிய ஆறு விஷயங்கள் இருந்தால் போதும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொன்னால் அதுவே எழுதி வைத்துவிடும். ஒரு வருடக் குறிப்பு இருந்தால் எந்த மருந்து உங்கள் மந்தைக்கு வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று மருத்துவர் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்.

அடுத்த மழை தொடங்கும் முன், ஒரு நாள் காலையில் எல்லா ஆடுகளின் கீழ் இமையையும் இறக்கிப் பார்த்துவிடுங்கள். வெளுத்திருக்கும் ஆட்டின் புழுக்கையை ஒரு கவரில் கட்டிக்கொண்டு மருந்தகத்துக்குப் போங்கள். மருந்துக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.